சுத்தம் செய்து கொண்டுவந்த புத்தகம்

திண்டிவனத்தில் இறங்க வேண்டியவள் விழுப்புரத்தில் இறங்கினேன். தூங்கிப்போகவில்லை. திண்டிவனம் வருவதைக் கண்ணால் பார்த்தேன், எழுந்தேன், வழியில் நின்றவர்களிடம் கெஞ்சவும் செய்தேன். ஆனால் கையில் இருந்த பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது, சாய்க்கக் கூடாது, வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது. வாசல் வரை ஆட்கள் அடைத்து நிற்கும் ரயிலில் இந்த விதிகளைக் காப்பாற்றிக்கொண்டு யாராலும் இறங்கிவிட முடியாது. "குடுங்க மேடம், நான் புடிச்சிக்கிறேன், நீங்க மொதல்ல எறங்குங்க" என்று ஒருவர் நல்ல மனதோடு கை நீட்டினார். நான் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அதற்குள் வண்டியும் கிளம்பிவிட்டது.

எதிரில் உட்கார்ந்திருந்த வளவனூர் அம்மாள் ஒருவர்தான் ஆறுதல் சொன்னார். "விழுப்புரத்துல எறங்கி திரும்பி வாம்மா. திண்டிவனம் எங்க ஓடிப் போவப்போவுது?" என்றவர் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். "என்னா, நகையா?"

"புத்தகம்."

"புத்தகத்துக்கா இந்தப் பாடு!" என்று ஒரு கை அவித்த மல்லாட்டையை நீட்டினார். நிலக்கடலைக்கு அந்தப் பக்கம் அதுதான் பெயர். வாங்க எனக்கு ஒரு கை இருந்தது, உரிக்க இரண்டு கை வேண்டும். விழுப்புரம் வரும்வரை அவரே உரித்து உரித்துக் கொடுத்தார்.

நான் வேலை பார்ப்பது வடக்கு ஐரோப்பாவில் ஓயாமல் மழை பெய்யும் ஓர் ஊரின் பல்கலைக்கழக நூலகத்தில். அரிய நூல்கள் பிரிவு தரைக்குக் கீழே இருக்கிறது. அங்கே தமிழுக்கென்று சில அலமாரிகள்: ஓலைச்சுவடிகள், பாதிரிமார் கையால் எழுதிய அகராதிகள், பழைய அச்சில் வந்த ஜெபப் புத்தகங்கள். கண்ணாடிப் பேழைகளில் ஓர் எழுத்தாணி, பித்தளை மைக்கூடு, யாரோ ஒரு பாதிரியாரின் ஒற்றைக் கண்ணாடி போன மூக்குக்கண்ணாடி. கோடையிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பேனா கொண்டுபோகக் கூடாது, பென்சில்தான். இவற்றுக்கெல்லாம் குறிப்பு எழுதி வரிசைப்படுத்துவது என் வேலை.

வெளியூர்களிலிருந்து வரும் பழைய புத்தகங்களைப் பழுது பார்த்து, பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொண்டு, சொந்தக்காரர்களிடமே திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடும் எங்களிடம் உண்டு. பெட்டியில் இருந்தது அப்படி வந்த புத்தகம். திண்டிவனத்துக்கும் வல்லத்துக்கும் நடுவே இருக்கும் ஒரு கத்தோலிக்க ஊருக்குச் சொந்தமானது. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை. தவக்காலத்தில், பெரிய வெள்ளிக்கு முந்திய வாரங்களில், இயேசுவின் பாடுகளையும் மாதாவின் துயரங்களையும் பற்றிய புலம்பலை ஒருவர் ராகத்தோடு வாசிக்க, ஊரே உட்கார்ந்து கேட்டு அழும். அந்தப் புலம்பல் முழுவதும் பெரிய பெரிய எழுத்தில் கையால் எழுதிய தடித்த புத்தகம் அது. ஊரார் அதைப் பெரிய புத்தகம் என்றே சொல்வார்கள். அங்கே முன்பு பங்குச் சாமியாராக இருந்தவர் எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தார். அவர் வழியாக வந்த புத்தகம் இரண்டு தவக்காலங்கள் எங்களிடம் தங்கிவிட்டது.

பழைய பொருள் பயணம் போனால் கூடவே ஓர் ஆள் போக வேண்டும் என்பது எங்கள் தொழிலில் வழக்கம். அந்த ஆள் பெட்டியைக் கண்ணைவிட்டு அகலவிடக் கூடாது. தமிழ் தெரியும் என்பதால் இந்த முறை நான். விமானத்தில் பெட்டிக்குத் தனி இருக்கை. சாப்பாடு மட்டும்தான் கொடுக்கவில்லை.

விழுப்புரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். ராத்திரி முழுக்க ஏசி ஓடுமா என்று கேட்டேன். "கரண்ட் இருந்தா ஓடும்" என்றார் மேனேஜர். நியாயமான பதில். சாப்பிடப் போனபோதும் பெட்டி கூடவே வந்தது. பரோட்டாக் கடை பெஞ்சில் என் பக்கத்தில் அதை வைத்தேன். பரிமாறுகிறவர் அதன் முன்னாலும் ஓர் இலையைப் போட்டார்.

"கூட யாராச்சும் வர்றாங்களா மேடம்?"

"இல்லைங்க, பெட்டிதான்."

"அப்ப எடுத்துக் கீழ வெய்யுங்க. எடத்துக்கு ஆளு நிக்கிறாங்க பாருங்க."

"கீழே வைக்கக் கூடாது."

அவர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அதுக்கும் ரெண்டு பரோட்டா சொல்லிடுங்க."

சொல்லிவிட்டேன். அதன் பங்கையும் நானே தின்றேன். அந்தச் சால்னாவின் காரத்துக்கு எங்கள் மழை ஊரில் தீயணைப்பு வண்டியையே கூப்பிட்டுவிடுவார்கள். எனக்கு மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது, மனம் நிறைந்துவிட்டது. அறைக்குத் திரும்பியபின் மின்சாரம் போனது. லாட்ஜ்காரர் கொடுத்த அட்டையால் விசிறியது எனக்கல்ல, பெட்டிக்கு. அதனால் புத்தகத்துக்கு ஒரு பயனும் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

மறுநாள் காலை திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டரோடு வழக்கு. பெட்டியைப் பக்கத்து சீட்டில் வைத்தால் டிக்கெட், மடியில் வைத்தால் ஒன்றுமில்லை என்று தீர்ப்பு சொன்னார். நான் டிக்கெட் வாங்கினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "வேணும்னா வெச்சிக்கினு வாங்க, நான் ஒண்ணும் சொல்லல" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

திண்டிவனத்தில் மினி பஸ் மாறினேன். ஊருக்குப் பாதி வழியில் டயர் போயிற்று. மாற்று டயரும் பஞ்சர் என்பதை டிரைவர் நிதானமாக அறிவித்தார். எங்கள் ஊரில் டிராம் கொஞ்சம் தாமதித்தாலே ஆட்கள் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். இங்கே எல்லோரும் இறங்கிச் சாலையோரத் தர்பூசணிக் கடைக்குப் போனார்கள். ஓர் அம்மாள் பழத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துப் பொறுக்கினார், ஒருவர் டிரைவருக்கும் ஒரு கீற்று வாங்கிக் கொடுத்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் புளியமரத்து நிழலில் பெட்டியோடு நின்றேன். ஆளனுப்பிச் சரி செய்து வண்டி கிளம்பியபோது ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை, என் துப்பட்டாவில்தான் தர்பூசணிச் சாறு.

ஊர் எல்லையில் பேண்டு வாத்தியம் காத்திருந்தது. நான் இறங்கியதும் சரவெடியைப் பற்ற வைத்தார்கள். பெட்டியைத் திருப்பிப் பிடித்து முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். புகை அடங்கியதும் உபதேசியார் சவரிமுத்து வந்து பெட்டிக்கு மாலை போட்டார், எனக்கு ஒரு துண்டு. உபதேசியார் என்பவர் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுத்து, சாமியார் இல்லாத நாட்களில் காரியங்களைப் பார்த்துக்கொள்பவர். பெரிய புத்தகத்தை வாசிப்பதும் அவர்தான். கல்யாணப் பந்தலில் மைக் இல்லாமல் பேசிப் பழகிய குரல்.

"தொறங்க மேடம், ஜல்தி. ஜனம் காத்துக்கினு இருக்குது."

நான் விதியைச் சொன்னேன். குளிர்ந்த இடத்திலிருந்து வந்த தாள். உடனே திறந்தால் இந்தக் காற்றின் ஈரம் அதில் கோத்துக்கொள்ளும். பெட்டி ஒரு நாள் மூடியபடியே இங்கே கிடந்து சூட்டுக்குப் பழக வேண்டும்.

"இந்த வெய்யில்லயே கெடந்த புத்தகம் மேடம் அது. சொந்த ஊருக்கு வந்ததுக்கு என்னா பழக்கம் வேணும்?" என்றார். கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒரு கிழவி, "பொண்ண கூட்டியாந்துட்டு மொகத்த காட்ட மாட்டேன்னா எப்புடி?" என்றாள். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பெட்டியைத் திறக்கவில்லை.

சவரிமுத்து என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். வழியில் அவர் சிரிப்பு அடங்கிவிட்டது. "ரெண்டு வருஷமா ஜெராக்ஸ்ல படிச்சோம் மேடம். ஜெராக்ஸ்ல அழுகையே வர்ல. அதோட இந்த ரெண்டு வருஷத்துல சாவு உழுந்த வீட்டுக்காரங்க எல்லாம் புத்தகம் எப்ப வரும், எப்ப வரும்னு கேட்டுக் கேட்டுப் பேஜார் பண்ணிக்கினு இருக்காங்க."

துக்கத்தில் இருப்பவர்களுக்குப் புலம்பல் கேட்டால் ஆறுதலாக இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

இரவுச் சாப்பாட்டைப் பக்கத்து வீட்டு லூர்துமேரி அக்கா கொண்டுவந்தார். கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு. தவக்காலத்தில் கறி கிடையாது, கருவாடு கணக்கில் வராதாம். அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் காய் புடைக்கும் வேலை. கணவர் இறந்துவிட்டார், மகன் வெளியூரில். நான் களியை மென்று திணறுவதைக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "அய்ய, மெல்லாத. குழம்புல பெரட்டி அப்படியே முழுங்கு" என்றார். முழுங்கினேன். வழவழவென்று உள்ளே போய் வயிற்றில் கனமாக உட்கார்ந்தது. கருவாட்டுக் குழம்புக்காகவே அந்த ஊரில் இன்னும் ஒரு வாரம் தங்கலாம்.

அவர் பாத்திரங்களை எடுக்கும்போது மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"உள்ள எல்லாம் பத்திரமா இருக்குதாம்மா?"

"முன்னைவிட நல்லா இருக்கு அக்கா."

"அப்ப சரி." பெட்டியை விரல் நுனியால் தொட்டு அந்த விரலை முத்தமிட்டுக்கொண்டு போனார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. மாலையில் கோயில் நிறைந்துவிட்டது. பெஞ்சுகளை எடுத்துவிட்டு எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பலர் கையில் ஏற்றாத மெழுகுவர்த்தி. புத்தகத்தின் அருகே நெருப்பு கூடாது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன், தலையாட்டியும் இருந்தார்கள். புதிதாக வந்திருந்த இளம் சாமியார் ஒரு சின்ன ஜெபம் சொன்னார். நான் பெட்டியைத் திறந்து, புத்தகத்தை எடுத்து, வெள்ளைத் துணி விரித்த மேசையில் வைத்தேன்.

நான்கு வார்த்தை பேசச் சொன்னார்கள். பூச்சி அரித்த ஓட்டைகளை மெல்லிய தாளால் அடைத்ததை, பிரிந்த முதுகைத் திரும்பத் தைத்ததைச் சொன்னேன். பெருமைக்குரியதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். "பக்கத்து ஓரமெல்லாம் மெழுகு சிந்திக் கிடந்தது. எத்தனையோ வருஷத்து மெழுகு. ஒவ்வொரு சொட்டாக, தாள் நோகாமல் எடுத்திருக்கிறார்கள். என் தோழி இங்க்ரிட் ஒரு குளிர்காலம் முழுக்க இதைத்தான் செய்தாள்" என்று சொல்லிக் கைதட்டலுக்குக் காத்திருந்தேன்.

யாரும் தட்டவில்லை. சவரிமுத்து எழுந்து வந்து ஒரு பக்கத்தைத் திருப்பினார். இன்னொன்றைத் திருப்பினார். பிறகு வேகவேகமாகத் திருப்பினார். தாள் கிழிந்துவிடப் போகிறதே என்று என் கை தானாக நீண்டது.

"மெழுகு எங்க மேடம்?"

"எடுத்தாச்சு" என்றேன். முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது.

"எல்லாத்தையுமா?"

சுவரோரமாக உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து கூட்டத்தைத் தாண்டிக்கொண்டு வந்தார். புத்தகத்தில் எதையோ தேடிப் பிடித்து, அந்த இடத்தை விரலால் தடவினார். "எங்கப்பன காணோமே," என்றார். "எங்கப்பன் இங்கதான இருந்தாரு." அதைக் கேட்டதும் பெண்கள் பக்கத்தில் அழுகை கிளம்பியது. அது புலம்பல் ராகத்தில் அழும் அழுகை இல்லை.

பிறகு சவரிமுத்துதான் எனக்கு எடுத்துச் சொன்னார். அந்த ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அடுத்து வரும் தவக்காலத்தில் புலம்பல் வாசிக்கும்போது, அந்த வீட்டுக்காரர் தனக்குப் பிடித்த இடம் வந்ததும் எழுந்து மெழுகுவர்த்தியோடு போவார். வாசிப்பவர் நிறுத்துவார். பக்கத்தின் ஓரத்தில் ஒரு சொட்டு விடுவார்கள். செத்தவருக்கு ஒரே ஒரு சொட்டு. பெயர் எழுதுவதில்லை, தேதி எழுதுவதில்லை. எது யாருடையது என்று அந்தந்த வீட்டுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுப்பார்கள். இரண்டு வருடமாகப் புத்தகத்துக்குக் காத்திருந்தவர்கள் இதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

எங்கள் நூலகத்தில் ஒரு பழைய பேராசிரியரின் புத்தகம் கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. திறந்து வைத்திருக்கும் பக்கத்தில் அவர் காப்பிக் கோப்பையின் வட்டம். அவருடைய கோப்பை என்று உறுதியாகத் தெரிந்ததால் அந்தக் கறையை யாரும் தொடவில்லை, அதன் மேல் தனியாக விளக்கு வேறு போட்டிருக்கிறார்கள். அதே கட்டடத்தில், இரண்டு மேசை தள்ளி, இந்த ஊரின் செத்தவர்களைச் சுரண்டி எடுத்திருக்கிறோம். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. இது என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை, மெழுகு என்றால் அழுக்கு என்பது எங்களுக்கு அவ்வளவு நிச்சயம்.

"எடுத்த மெழுக என்னா பண்ணாங்க?" என்றார் சவரிமுத்து.

எனக்குத் தெரியும். இங்க்ரிடின் மேசைக்கு அடியில் ஒரு குப்பைத் தொட்டி இருக்கிறது. "குப்பைக்குப் போயிருக்கும்" என்றேன். முன்வரிசையில் இருந்த கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

இளம் சாமியார் நல்லதைத்தான் நினைத்தார். "எல்லாருக்கும் சேர்த்து ஒரு பூசை வெச்சிடலாம். அவங்கவங்க எடத்துல அவங்கவங்க திரும்ப ஒரு சொட்டு விட்டுடுங்க. என்ன இப்ப?"

கோயிலே அவரைத் திரும்பிப் பார்த்தது. சவரிமுத்து மெதுவாகச் சொன்னார்: "ஒரு சொட்டு ஒரு சாவு ஃபாதர். ஒரே ஆளு ரெண்டு வாட்டி சாவ முடியாது."

அப்பனைத் தேடியவர் என்னிடம் வந்தார். "கிழிஞ்சத ஒட்டிக் குடுங்கன்னுதானம்மா குடுத்தோம். ஆளுங்கள எல்லாம் தொலைச்சிட்டு வெறும் புத்தகத்த கொண்டாந்திருக்கீங்க." அவர் கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. பழுது பார்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் இருந்தது இருந்தபடியே படமெடுப்பது எங்கள் வழக்கம். பழைய படங்கள், புதிய படங்கள் இரண்டும் என் பையிலிருந்த டேப்லெட்டில் இருந்தன. எடுத்து அவர் இடத்தைத் தேடிப் பெரிதாக்கிக் காட்டினேன். மஞ்சளாக, ஓரம் சற்றுக் கருத்து, ஒரு சொட்டு. "இதான். எங்கப்பன்தான்" என்றார். என் கையிலிருந்து டேப்லெட்டை வாங்கித் தன் மனைவிக்குக் காட்டினார். அவ்வளவுதான், கோயிலே என்னைச் சூழ்ந்துகொண்டது. எல்லாப் படங்களையும் ஊருக்கே கொடுத்துவிடுவதாகச் சொன்னேன். கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் இறங்கியது.

புத்தகத்தை முறைப்படி ஒப்படைத்தேன். ஒப்படைத்தபின் அது அவர்களுடையது. நெருப்பு கூடாது என்பது என் விதி, அதற்கு இனி வேலையில்லை. சவரிமுத்து வாசிக்கத் தொடங்கினார். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து மெழுகுவர்த்தியோடு போனார்கள். வெளுத்த ஓரத்தில் முதல் சொட்டு விழுந்தபோது என் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. தொழில் பழக்கம். மற்றபடி நான் தூணில் சாய்ந்து, இங்க்ரிடுக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் அழுதார்கள், எனக்கு அழுகை வரவில்லை.

வாசிப்பு முடிந்து கூட்டம் கலைந்தபின் லூர்துமேரி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மாதா புள்ளைய காணோம்னு தேடுவாங்க இல்ல, கோயில்ல காணாப்போன புள்ளைய, அந்தப் பக்கத்த காட்டும்மா" என்றார். எடுத்தேன். சிறுவன் இயேசுவைத் தொலைத்து மாதா தேடும் அந்தப் பக்கத்தின் ஓரம் முழுக்கச் சொட்டுகள். பிள்ளையை இழந்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தைத்தான் கேட்பார்கள் போலிருக்கிறது. அவர் தேடவே இல்லை. நேராக விரலை வைத்தார். அடிப்பக்கம், கோணலாக வழிந்த ஒரு சிறிய சொட்டு.

விரல் பட்டதும் திரை நகர்ந்து வேறு பக்கம் வந்துவிட்டது. திரும்பக் கொண்டுவந்தேன். மறுபடி தொட்டார், மறுபடி போய்விட்டது. "தொடாம பாருங்க அக்கா" என்றேன். கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"எம் பொண்ணு. மொத புள்ள. காலையில பொறந்தா, பொழுது சாயறதுக்குள்ள போயிட்டா. ஞானஸ்நானமும் குடுக்கல, பேரும் வெக்கல. அதனால கல்லறையில எடம் இல்லன்னு ஏரிக்கரை ஓரமா பொதைச்சிட்டாங்க. அங்க இப்ப ரோடு போட்டுட்டாங்க. அப்ப இருந்த உபதேசியாருதான், நீ புத்தகத்துல வெச்சிக்கோம்மான்னாரு. எனக்குக் கை நடுங்கிடுச்சி, அதான் கோணலா உழுந்துடுச்சி." முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார். "எங்கப்பன், எம் புருசன், எல்லாரும் செவுத்துல போட்டோவா இருக்காங்க. இவளுக்கு இந்த சொட்டு ஒண்ணுதான். இத எனக்கு ஒரு போட்டோவா போட்டுத் தர்றியாம்மா?"

மறுநாள் காலை இருவரும் திண்டிவனம் போனோம். மண்டிக்கு லீவு சொல்லிவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். கையில் பெட்டி இல்லாமல் பஸ்ஸில் ஏறியது எனக்கு எதையோ தொலைத்துவிட்ட மாதிரியே இருந்தது. கடைத்தெருவில் இட்லி தின்றோம். காசு கொடுக்க என்னை விடவில்லை. பக்கத்துச் சந்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. சுவரில் கல்யாண ஜோடிகள், மொட்டையடித்த குழந்தைகள், பட்டுவேட்டியில் பெரியவர்கள். ஸ்டூடியோக்காரருக்கு நாற்பது வயது இருக்கும், வாயில் பாக்கு.

படத்தை அவர் கணினியில் ஏற்றினேன். அந்த மூலையை மட்டும் பெரிதாக்கச் சொன்னேன். நல்ல துல்லியமான படம், தாளின் நரம்புகூடத் தெரிந்தது. நடுவில் அந்தச் சொட்டு.

"மேடம், கறை பட்டிருக்குதே," என்றார். "எடுத்துர்றேன். காசு வேணாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் மவுஸை ஒரு தேய்ப்புத் தேய்த்தார். சொட்டு போய்விட்டது. அந்த இடத்தில் பழுப்புத் தாள் மட்டும், ஒன்றுமே நடக்காதது போல.

"ஐயோ!" என்று லூர்துமேரி அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டார். "எங்க போச்சு? எங்கடா போச்சு?"

"திரும்பக் கொண்டுவாங்க!" என்று நான் கத்தினேன். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் பயந்துபோய் இரண்டு பொத்தானை அமுக்கினார். சொட்டு அதே இடத்தில், அதே கோணலோடு வந்து நின்றது.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நானும் அழுதுவிட்டேன். கோயிலில் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், முன்பின் தெரியாத ஒரு ஸ்டூடியோவில் நின்று மூக்கைச் சிந்தினேன்.

"என்னாம்மா அது?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"எம் பொண்ணு."

அவர் திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். வெளியே போய் பாக்கைத் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"என்னா சைஸ் வேணும்மா?"

"எம் புருசனுது அந்த அளவு இருக்கும்" என்று சுவரில் பட்டுவேட்டிப் பெரியவர் படத்தைக் காட்டினார்.

"சரி. அடியில தோற்றம், மறைவு போடணுமா?"

"போடு."

"தோற்றம்?"

ஒரு தேதியைச் சொன்னார். யோசிக்கவே இல்லை.

"மறைவு?"

"அதே நாளு."

ஸ்டூடியோக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். தட்டினார்.

"பேரு சொல்லும்மா."

லூர்துமேரி அக்கா திரையை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஜெயசீலின்னு போடுப்பா" என்றார். "இதுவரைக்கும் வெக்கல. இப்பதான் வெக்கறேன்."